சேலத்தில் மொத்த டி-ஷர்ட் ஆர்டர்: கணக்கைத் திறந்து காட்டும் ஓர் அச்சுக்கடை

ஏற்காடு மலைப்பாதையோரம் குவிந்து கிடக்கும் பிளாஸ்டிக் குப்பைகளை அகற்றுவதற்காக எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் ஒன்றுகூடியபோது, பங்கேற்பாளர்களுக்கு 300 டி-ஷர்ட்டுகள் அச்சிட்டு வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பலரின் நன்கொடையைக் கொண்டு செய்யும் செலவு என்பதால், ஒரு சட்டைக்கு ஐந்து ரூபாய் கூடினாலும் நான் காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது. சேலத்தில் நான்கைந்து கடைகளில் விலை கேட்ட பிறகு, அம்மாபேட்டையில் விசைத்தறிகள் ஓடும் தெரு ஒன்றில் உள்ள ஒரு சிறிய அச்சுக்கடையைத் தேர்ந்தெடுத்தேன். தம் அடக்கவிலையை முழுவதுமாக என்னிடம் சொன்ன உரிமையாளர், கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரைத் தவிர்த்து, அவர் விலை சொல்லும் முறையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். இத்தகைய மொத்த ஆர்டர் கொடுக்க நினைப்பவர்களுக்கு அதுவே பயன்படும்.

மற்ற கடைகள் அனைத்தும் ‘ஒரு பீஸ் இவ்வளவு’ என்று ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்திக்கொண்டன. இவரோ செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும்போது வெள்ளியின் விலை, கூலி, சேதாரம் என்று தனித்தனியாகப் பேசுவதைப் போலவே சட்டைக்கும் பிரித்து எழுதிக் கொடுத்தார். கருநீல நிறத்தில் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில்) பருத்திச் சட்டை திருப்பூரிலிருந்து 145 ரூபாய். மார்பில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு சின்னம், முதுகில் வெள்ளையில் ஒரு வரி என்பதால் மொத்தம் மூன்று ஸ்கிரீன்கள் (மையைத் துணியில் பதிக்கும் வலைச் சட்டங்கள், இடத்துக்கும் நிறத்துக்கும் தனித்தனியாக). ஒன்றுக்கு 350 ரூபாய் வீதம் 1,050 ரூபாயை 300 சட்டைகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 3.50. அச்சுக் கூலி ஓர் அடிப்புக்கு, அதாவது ஒரு ஸ்கிரீனால் ஒரு முறை மை பதிப்பதற்கு, 6 ரூபாய் வீதம் 18. சேதாரத்துக்கு 3, அளவுவாரியாக மடித்துக் கட்டுவதற்கு 3, திருப்பூரிலிருந்து வரும் வண்டிச் செலவு 2.50. ஆக அடக்கம் 175 ரூபாய். அவர் கேட்ட விலை 190.

அந்த 6 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அவர் சொன்ன விளக்கம்தான் இக்கடையின் மீது எனக்கு நம்பிக்கை ஏற்படக் காரணம். வாடகை, மின்சாரம், இரண்டு பேர் சம்பளம், தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு நாள் கடையைத் திறந்து வைக்க அவருக்கு 2,700 ரூபாய் ஆகிறது. முந்நூறு சட்டைக்கு மூன்று அடிப்பு என்றால் 900 அடிப்புகள். கையால் அடிக்கும் மேசையில் அது இரண்டு நாள் வேலை. இரண்டு நாள் செலவான 5,400 ரூபாயை 900-ஆல் வகுத்தால் 6 ரூபாய் வருகிறது. அதாவது, சட்டையின் விலை மீது இத்தனை சதவீதம் என்று அவர் லாபம் வைப்பதில்லை. சட்டைக்கான பணம் திருப்பூருக்குப் போகிற பணம், அவர் கையில் தங்காது. அவர் உண்மையில் விற்பது மேசையின் நேரத்தைத்தான். இந்தத் தெளிவு இல்லாமல் ‘சட்டை விலையில் கால் பங்கு லாபம்’ என்று கணக்கிடும் கடைகள், மலிவான சட்டைக்கு வேலை அதிகமாக இருக்கும்போது கையைச் சுட்டுக்கொள்கின்றன. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட மையிலோ துணியிலோ கைவைக்கவும் நேர்கிறது.

மீதமுள்ள 15 ரூபாய்தான் லாபம். 300 சட்டைக்கு 4,500 ரூபாய் என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தெரியலாம். ஆனால் 57,000 ரூபாய் புரளும் ஆர்டரில் அது எட்டு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மின்தடையாலோ மை சரியாகக் காயாததாலோ வேலை ஒரு நாள் நீண்டால் 2,700 ரூபாய் போய்விடும். ஒதுக்கியதற்கு மேல் பத்துச் சட்டைகள் கெட்டால் இன்னொரு 1,450 ரூபாய் போய்விடும். எனவே, ‘மொத்தமாகத்தானே வாங்குகிறோம், பத்து ரூபாய் குறையுங்கள்’ என்று எங்கள் நண்பர் ஒருவர் கேட்டபோது, அவர் மறுத்ததில் நியாயம் இருந்தது. மறுத்ததோடு நிற்காமல் மாற்றுவழியும் சொன்னார்: “சார், விலையை விடுறதுக்குப் பதிலா ஒரு கலரை விட்டுடலாம். மஞ்சளை எடுத்துட்டா ஏழு ரூபா தானா குறையும்.” கருநீலத் துணியில் மஞ்சள் எடுப்பாகத் தெரிய அடியில் வெள்ளை அடித்து, அதைச் சூடாக்கி உலர்த்தி, அதன்மேல் மஞ்சள் அடிக்க வேண்டும். மஞ்சளை நீக்கினால் ஒரு ஸ்கிரீனும் ஓர் அடிப்பும் இடையில் உலர்த்தும் வேலையும் மிச்சமாகின்றன. நாங்கள் அதை ஏற்றுக்கொண்டோம். விலை 183 ஆனது, அவருடைய 15 ரூபாயும் அப்படியே நின்றது. இரு தரப்புக்கும் குறைவில்லாமல் பேரம் முடிந்தது என்றே சொல்வேன்.

எண்ணிக்கை கூடினால் விலை எந்த அளவுக்கு இறங்கும் என்பதைப் பற்றிப் பலருக்கும் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. இரண்டு ஸ்கிரீன்களின் செலவான 700 ரூபாய், 30 சட்டைக்கு வாங்கும்போது தலைக்கு 23 ரூபாய்க்கு மேல் விழுகிறது. 300 சட்டைக்கு 2.33 ரூபாயாகச் சுருங்குகிறது. 3,000 சட்டை வாங்கினாலும் அதில் இனி குறைய இரண்டு ரூபாய்தான் மிச்சம் இருக்கிறது. முந்நூறைத் தாண்டிய பிறகு தள்ளுபடி கிடைத்தால், அது திருப்பூரில் ஒரே நிறத்தில் கட்டுக்கட்டாக எடுப்பதால் கிடைப்பதே தவிர, அச்சில் கிடைப்பதன்று. ‘ஆயிரம் எடுத்தால் பாதி விலை’ என்று எவரேனும் சொன்னால் துணியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

துணியைப் பார்ப்பது கடினமான வேலையும் அல்ல. வேறொரு கடை இதே 180 ஜி.எஸ்.எம். சட்டை என்று சொல்லி 165 ரூபாய்க்குத் தர முன்வந்திருந்தது. இந்த உரிமையாளர் இரண்டு மாதிரிகளிலிருந்தும் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாகத் துண்டு வெட்டிக் கொடுத்து, நம்பகமான தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னார். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் தராசில் இவருடைய துண்டு 1.8 கிராம் காட்டியது, மற்றது 1.5 கிராம். சதுர மீட்டருக்கு 180 கிராம் என்றால் அந்தத் துண்டு 1.8 கிராம் இருக்க வேண்டும், 1.5 கிராம் என்றால் அது 150 ஜி.எஸ்.எம். துணி. விலை வித்தியாசத்தின் இரகசியம் அந்த முப்பது கிராமில்தான் இருந்தது. மெல்லிய சட்டையை மெல்லியது என்று சொல்லி விற்பதில் தவறில்லை. எங்களிடம் அது சொல்லப்படவில்லை.

மலையேறும்போது வியர்க்கும் என்பதால் பாலியெஸ்டர் ‘டிரை-ஃபிட்’ சட்டை எடுக்கலாமா என்றும் கேட்டோம். அடர்நிறப் பாலியெஸ்டரில் வழக்கமான பிளாஸ்டிசால் மையை (சூடாக்கினால் மட்டுமே இறுகும் பிளாஸ்டிக் கலந்த மை) அடித்து 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும்போது, துணியின் சாயம் மேலேறி வெள்ளை எழுத்து நீலம் பாய்ந்துவிடும் என்றும், அதைத் தடுக்கும் மை விலை கூடியது என்றும் விளக்கினார். கூடுதல் விலையுள்ள வேலையைத் தலையில் கட்டாமல் பருத்தியையே பரிந்துரைத்ததைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

வேலை நடந்த நாளன்று போய்ப் பார்த்தேன். உலர்த்தும் இடத்திலிருந்து வெளிவந்த சட்டைகளில் அவ்வப்போது ஒன்றை எடுத்து, முதுகு எழுத்தை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தார்; வெடிப்பு விழவில்லை. சேதாரத்துக்காகக் கூடுதலாக வாங்கிய ஆறு சட்டைகளில் நான்கு, மார்பில் வெள்ளைப் புள்ளி விழுந்ததால் ஒதுக்கப்பட்டன. மீதி இரண்டையும் அச்சிட்டு, நாங்கள் கேட்காமலேயே கட்டோடு சேர்த்துக் கொடுத்தார். சேதாரத்துக்கான பணத்தை நாங்கள்தானே கொடுத்திருக்கிறோம் என்பது அவர் வாதம். வீட்டில் பலமுறை துவைத்த பிறகும் எழுத்து உரியவில்லை.

முன்பணம் 45,000 ரூபாய் கேட்டார். முதலில் மிகுதியாகத் தோன்றினாலும், ஊர் பெயரும் சின்னமும் அச்சிட்ட சட்டையை வேறு எவரிடமும் விற்க முடியாது என்பதால், சட்டையின் கொள்முதல் விலையை முன்கூட்டியே வாங்குவது முறையானதே. குறைந்த லாபத்தில் வேலை எடுப்பவர் தம் சொந்தப் பணத்தையும் முடக்கினால், பதினைந்து ரூபாயில் ஒரு பகுதி வட்டிக்கே போய்விடும்.

குறைகளும் உண்டு. எழுதிக் கொடுத்த விலையில் ஜி.எஸ்.டி. சேர்க்கப்படவில்லை என்பதைப் பில் போடும் நேரத்தில்தான் சொன்னார். 2025 செப்டம்பர் 22 முதல் ஒன்றின் விலை 2,500 ரூபாய்க்கு மேற்படாத ஆடைகளுக்கு 5 சதவீத வரி. எங்கள் 54,900 ரூபாய்க்கு அது 2,745 ரூபாய் கூடுதலானது. மற்ற எல்லாவற்றையும் பைசா வரை பிரித்துக் காட்டியவர் இதையும் முதல் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். டபுள் எக்ஸ்எல் (2XL) அளவுக்குச் சட்டை ஒன்றுக்குக் கூடுதல் விலை உண்டா என்பதும் நாங்கள் கேட்ட பிறகே தெரிந்தது. எங்களிடம் அதற்கு வாங்கவில்லை என்றாலும், பெரிய அளவுகள் அதிகமுள்ள ஆர்டரில் வாங்குவாராம். தவறாக அச்சாகிவிட்டால் திரும்ப அடித்துத் தருவது குறித்து எழுத்தில் எதுவும் இல்லை. வாய்மொழி உறுதி மட்டுமே.

ஆர்டர் கொடுக்கும் காலமும் முக்கியம். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவையொட்டி விழாக்குழுச் சட்டைகள் குவியும்போது, 15 ரூபாய் லாபத்தில் எந்த வேலையையும் எடுப்பதில்லை என்று அவரே சொன்னார். மேசை சும்மா இருக்கும் வாரங்களில் ஆட்களுக்குச் சம்பளம் தடைபடாமல் இருக்கத்தான் இந்த விலை. ஆகவே தேதியை மாற்ற முடிந்தவர்கள் நெரிசலான மாதங்களைத் தவிர்த்துக் கேட்பது நல்லது. இருபது, முப்பது சட்டை மட்டும் தேவைப்படுபவர்களுக்கும், பல நிறப் புகைப்படம் அச்சிட வேண்டியவர்களுக்கும் இந்தக் கடை ஏற்றதன்று, அவர்கள் டி.டி.எஃப். முறையில் (படத்தை ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டால் துணியில் ஒட்டும் முறை) அச்சிடும் கடைக்குப் போவதே சிக்கனம். எங்களைப் போல மறுபடியும் தேவைப்படலாம் என்று நினைப்பவர்கள், ஸ்கிரீனை அழிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் வரை எடுத்து வைப்பார். அதற்குள் கேட்டால் ஸ்கிரீன் செலவு மீண்டும் விழாது.