மகள் விடுதிப் பள்ளியில், மகன் ஊர்ப் பள்ளியில்: ஒரு தாயின் ஒப்பீடு

செம்பனை ஆலை அலுவலகத்தில் எனக்குக் கிராணி வேலை. சம்பள நாளில்கூட என் மேசைக்கு அத்தனை பேர் வருவதில்லை; ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் தங்கும் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் பருவத்தில் வருகிறார்கள். “அக்கா, நுழைவுத் தேர்வை எழுத வைக்கலாமா, வேண்டாமா?” என்பதுதான் கேள்வி. என்னிடம் கேட்பதில் நியாயம் உண்டு. மகளை, மாரா என்ற அரசு நிறுவனம் நடத்தும் விடுதிப் பள்ளியான மாரா இளநிலை அறிவியல் கல்லூரிக்கு அனுப்பினேன். நான்கு ஆண்டுகள் கழித்து மகனுக்கும் அதே அழைப்பு வந்தது. அவனை அனுப்பாமல் இங்கேயே, மலேசியாவின் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டிலேயே, இடைநிலைப்பள்ளியில் சேர்த்தேன். என் சாய்வை மறைக்கப் போவதில்லை: முதலாம் படிவத்துக்கு, அதாவது ஏழாம் ஆண்டுக்கு, ஊர்ப் பள்ளி போதும். விடுதிதான் வேண்டும் என்றால் நான்காம் படிவத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு எட்டாதவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன். சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் நன்றாக நடக்கின்றன. ஆனால் சீனப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்குத்தான் அங்கே கால் ஊன்ற முடியும். அனைத்துலகப் பள்ளிக் கட்டணத்தை என் சம்பளச் சீட்டோடு சேர்த்து வைத்துப் பார்க்கவே கூசுகிறது. காரில் கொஞ்ச நேரம் போனால் கோலகங்சார். அங்கே 1905இல் தொடங்கிய மலாய்க் கல்லூரி இருக்கிறது. அதன் மதிலைப் பார்த்தபடியே உறவினர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறோம். அது நமக்கான கதவு அல்ல.

ஆக, எங்களைப் போன்றவர்கள் எண்ணிப் பார்ப்பது மூன்று. கல்வி அமைச்சின் முழுத் தங்கும் பள்ளிகள் ஒன்று. மாரா கல்லூரிகள் இன்னொன்று. பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாத பிள்ளைகளுக்கும் அங்கே சிறு பங்கு உண்டு. மூன்றாவது, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி. அமைச்சின் பள்ளிகளுக்குப் பி.கே.எஸ்.கே. என்ற நுழைவு மதிப்பீடு. மாராவுக்கு விண்ணப்பமும் தனி, தேர்வும் தனி. பக்கத்துப் பள்ளிக்குத் தேர்வே இல்லை. ஆனால் தேசிய மொழியான மலாயில் பிடிப்பு போதாது என்றால் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டிவரும்.

என் மகள் எழுதியது 2019இல். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆரை நாடு கடைசியாகக் கண்டது அப்போதுதான், மறு ஆண்டு பெருந்தொற்றால் தேர்வு நடக்கவில்லை, 2021இல் அரசு அதை அடியோடு எடுத்துவிட்டது. அவள் காலத்தில் யு.பி.எஸ்.ஆர். முடிவு கையில் இருந்தது, நுழைவுத் தேர்வு அதன்மேல் ஒரு சேர்க்கை. மகன் காலத்தில் அந்தத் தாங்கல் இல்லை. பி.கே.எஸ்.கே.யைப் பள்ளிக் கணினி அறையில் எழுதிவிட்டு வந்தவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “அம்மா, பாதிக் கேள்வியில் என்னைப் பற்றியே என்னிடம் கேட்கிறார்கள்” என்றான். அறிவுத்திறனை மட்டுமன்றிக் குணநலனையும் அளக்கும் தேர்வு அது. அந்தப் பகுதிக்குப் பயிற்சி நூல் வாங்கிக் கொடுத்துப் பிள்ளையை வதைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான் வாங்கினேன், பணம்தான் வீண்.

உழைப்பு தேவைப்படுவது வேறோர் இடத்தில். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஆறு ஆண்டுகள் ‘பின்னம்’ என்று படித்ததைத் தேர்வுத் தாள் ‘பெச்சஹான்’ என்கிறது. ‘செவ்வகம்’ அங்கே ‘செகி எம்பாட் தெப்பாட்’. மகள் மாராவின் தேர்வுக்குத் தயாரானபோது ஒரு கணக்கை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கணக்கு தெரியாமல் இல்லை. அதில் அவர்கள் எழுதியிருந்த ஒரு மலாய்ச் சொல் தெரியவில்லை. அன்றிரவு பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய் என்று சொற்பட்டியல் எழுதத் தொடங்கினோம். இருநூறுக்கு மேல் சேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து மகனுக்கும் அதே தாள்கள்தான் உதவின. இன்று யார் கேட்டாலும் நான் கொடுப்பது அவற்றின் நகலைத்தான், அறிவுரையை அல்ல.

விடுதிப் பள்ளி தந்ததையும் மறுக்கக் கூடாது. 2020 ஜனவரியில் பெட்டி, வாளி, பூட்டு, இஸ்திரிப்பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் விட்டோம். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, எல்லாரும் வீட்டுக்கு. முதல் ஆண்டுப் பெரும்பகுதி என் கைப்பேசித் திரையில்தான் ஓடியது. ஆனால் மீண்டும் விடுதி திறந்த பிறகு அவள் வளர்ந்த வேகம் என்னையே திகைக்க வைத்தது. அறிவியல் கூடத்தில் தன் கையால் சோதனை செய்தாள். கூடுதல் கணிதம் அவளுக்குப் பேயாகத் தெரியவில்லை. மலாய் நாக்கில் தண்ணீராக ஓடியது. சாப்பாடு, உறக்கம், படிப்பு எல்லாம் மணி அடித்து நடந்தன. என் கணவருக்கு ஆலையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் வாரங்களில் பகலில் வீடே மூச்சடக்கி இருக்கும். அந்த வீட்டில் இவ்வளவு ஒழுங்கை நான் கொடுத்திருக்கவே முடியாது. வீடு நெருக்கடியாக இருந்தாலோ, சுற்றுவட்டாரம் சரியில்லை என்று பட்டாலோ, நான் சொல்வதைக் கேட்காமல் அனுப்பிவிடுங்கள்.

செலவு? பெட்ரோல், சாலைக் கட்டணம், மாதம் ஒரு முறை மூன்று மணி நேர ஓட்டம். வலித்தது, ஆனால் தாங்கினோம். ஏக்கமும் அப்படித்தான், இரண்டாம் ஆண்டில் எனக்குத்தான் அதிகம் இருந்தது.

என் கணக்கை மாற்றியது தமிழ்ப் பாடம்.

நம் நாட்டில் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் தாய்மொழி வகுப்புக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்து தர வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். சுங்கை சிப்புட் போன்ற ஊரில் 15 என்பது பெரிய எண் அல்ல. தோட்டங்கள் சூழ்ந்த ஊர். முன்னாள் அமைச்சர் சம்பந்தனார் வளர்த்த தமிழ்ப்பள்ளியான மகாத்மா காந்தி கலாசாலை இருக்கும் ஊர். ஆனால் மகளின் கல்லூரியில், அவள் படிவத்தில், தமிழ்ப் பிள்ளைகள் நால்வர். நால்வரை வைத்துக்கொண்டு யாரிடம் போய் 15 கணக்குக் கேட்பது? யாரையும் குறை சொல்ல வழியில்லை. பிள்ளைகளே இல்லாத இடத்தில் வகுப்பு எங்கிருந்து வரும்?

சேர்க்கும்போது இது எனக்குத் தெரியாமல் இல்லை. “வீட்டில்தான் பேசுகிறோமே, தமிழ் எங்கே போய்விடும்” என்று நினைத்தேன். பேச்சு போகவில்லை, எழுத்து போனது. ஆறாம் ஆண்டில் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதியவள், மூன்றாம் படிவத்தில் பாட்டிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி அனுப்புவாள். தமிழ்தான், ஆனால் ரோமன் எழுத்தில். என் மாமியார் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். தமிழ் எழுத்தை விரல் வைத்துப் படிப்பார், மற்றது தெரியாது. பேத்தி அனுப்பியதை ஒவ்வொரு மாலையும் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். “என் பேத்தி எனக்கு எழுதியதை நீ ஏன் படிக்கிறாய்?” என்று ஒரு நாள் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

இதை உணர்ச்சி என்று ஒதுக்குகிறவர்களுக்காக, பிழைப்புக் கணக்கையும் சொல்கிறேன். மகள் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். 2024 தேர்வில் நல்ல முடிவு பெற்றாள். அதன்பின், ஐந்து ஆண்டுகள் வாயே திறக்காத ஓர் ஆசையை வெளியே விட்டாள்: தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக வேண்டுமாம். தமிழ்ப்பள்ளிக்கான ஆசிரியர் பயிற்சிக் கழகப் படிப்புக்கு எஸ்.பி.எம். தமிழில் தேர்ச்சி கேட்கிறார்கள். அவள் சான்றிதழில் அந்த வரியே இல்லை. இயற்பியலும் வேதியியலும் கூடுதல் கணிதமும் வரிசையாக நிற்கின்றன. எங்கள் ஊர்ப் பள்ளியில் சுமாராகப் படிக்கும் பிள்ளையின் சான்றிதழில்கூட இருக்கும் ஒரு வரி மட்டும் இல்லை. 2009இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்துக்குள் அடக்கப் போகிறார்கள் என்றதும் தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுவிடும் என்று நம்மவர்கள் கொதித்தார்கள்; கடைசியில் பத்தோடு இரண்டு என்று இடம் கிடைத்தது. அன்று அவ்வளவு போராடிக் காத்த பாடத்தை நான் ஒரு பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

வழி அடைந்துவிடவில்லை. தனித் தேர்வாளராகத் தமிழை மட்டும் எழுதலாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் போய் வருகிறாள். முதல் நாள் அவர் ஒரு பத்தி சொல்லி எழுதச் சொன்னார். நோட்டை நானும் பார்த்தேன்: றகரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் ரகரம், ஒற்று மிகும் இடங்களெல்லாம் வெறுமை. “பரவாயில்லை டீச்சர், பழகிக்கொள்வாள்” என்றேன். “பழகுவாள் அம்மா. ஆனால் ஐந்து ஆண்டுப் படிப்பை ஓர் ஆண்டில் பழக வேண்டுமே” என்றார்.

மகனுக்கு மாரா அழைப்பு வந்தபோது என் மனத்தில் இருந்தது இந்தக் கணக்கின் முதல் பாதி மட்டும்தான். மாலைதோறும் நான் வாசித்த அந்தச் செய்திகள். ஆசிரியர் ஆசை அப்போது தெரியாது. அமைச்சின் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை, அதனால் அங்கே உள்ளே என்ன நடக்கிறது என்று நான் சொல்வது வெறும் கேள்விஞானமாகத்தான் இருக்கும். மாரா அழைப்பைக் காலக்கெடு முடியும்வரை தினமும் திறந்து பார்த்தோம். கணவர் கடைசி நாளன்று, “அவன் இங்கேயே படிக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

ஊர்ப் பள்ளி சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வகுப்பில் கூட்டம். அறிவியல் கூடத்தில் பாதிச் சோதனைகளை ஆசிரியர் செய்ய இவர்கள் பார்க்கிறார்கள். சனிக்கிழமை டியூஷனுக்கு அனுப்புகிறேன். கைப்பேசியும் வெளித் திண்ணையும் இழுக்கின்றன. எட்டு மணிக்குப் புத்தகத்தோடு உட்கார வைக்கத் தினமும் ஒரு சண்டை. மகள் இந்த வயதில் தொட்ட உயரத்தை மகன் தொடவில்லை, அது எனக்குக் கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் தமிழில் பாட்டியின் மருந்துச் சீட்டுக்குப் பக்கத்தில் ‘காலை ஒன்று, இரவு இரண்டு, சாப்பிட்ட பிறகு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறான். தவறு ஒன்றும் இல்லை.

அமைச்சின் தங்கும் பள்ளிகளும் மாரா கல்லூரிகளும் நான்காம் படிவத்துக்கும் ஆள் எடுக்கின்றன. மூன்று ஆண்டு இடைநிலைத் தமிழ் கையில் இருந்தால், பதினாறு வயதில் போகிற பிள்ளை எழுத்தை மறக்காது, தனித் தேர்வாளராக எழுதவும் தெம்பு இருக்கும் என்பது என் கணக்கு. சோதித்துப் பார்த்த கணக்கல்ல. மகன் மூன்றாம் படிவத்தில்தான் இருக்கிறான், எஸ்.பி.எம். வரட்டும், பிறகுதான் நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியும்.

சென்ற வாரம் தமிழாசிரியை அழைத்தார். அடுத்த ஆண்டு நான்காம் படிவத்தில் தமிழ் எடுக்கப் போகிறவர்களின் பட்டியலை இப்போதே தயாரிக்கிறாராம். “பதினாறு பெயர் சேர்ந்திருக்கிறது அம்மா. உங்கள் மகன் வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லையே?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இன்னும் சொல்லவில்லை.