முன்சக்கர நடுக்கமும் இறக்கையின் ஊதலும்: செஸ்னா 152-இல் எட்டு மாதம்

நான் பறக்கக் கற்றுக்கொள்ளும் செஸ்னா 152 பயிற்சி விமானத்தில், முன்சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் டேம்பரைப் போன வாரம்தான் கழற்றி, சீல் மாற்றி, எண்ணெய் நிரப்பி மாட்டினார்கள். அன்று சாயங்காலமே நண்பன் ஒருவன் கேட்டான்: "நானும் விமானப் பயிற்சியில சேரலாம்னு இருக்கேன். லேண்டிங் கத்துக்க 152 சரிவருமா, இல்ல நேரா 172-க்கே போயிடட்டுமா?" (172 என்பது அதே செஸ்னாவின் நான்கு இருக்கை விமானம்.) இரண்டு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். எட்டு மாத எரிச்சல் இரண்டு வரியில் அடங்கவில்லை.

விவரமெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு இருக்கை, மேல் இறக்கை, 110 குதிரைத்திறன், 30 டிகிரி வரை இறங்கும் மின்சார ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தும் பலகை). 1985-உடன் தயாரிப்பு நின்றுபோனது. ஆகவே எந்த 152-இல் ஏறினாலும் பெரியவர் ஒருவர் மடியில் உட்காருகிறோம் என்றுதான் அர்த்தம். நான் ஓட்டுவது என்னைவிட மூத்தது. கதவைச் சாத்தினால் ஒரு தடவைக்குச் சாத்தாது. உள்ளே பக்கத்தில் இருப்பவரின் தோளும் என் தோளும் உரசிக்கொண்டேதான் இருக்கும். இதெல்லாம் எனக்கு ஒரு குறையே இல்லை.

குறை ஒன்றே ஒன்று. முன்சக்கர நடுக்கம்.

அனுபவிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பின்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொட்டாயிற்று. அப்பாடா என்று மூச்சு விடுகிறீர்கள். மூக்கு மெதுவாக இறங்குகிறது. முன்சக்கரம் தரையைத் தொட்டதும் முதலில் ரடர் பெடல் (மூக்கை இடவலம் திருப்பும் மிதி) பாதத்துக்கடியில் கிசுகிசுக்கும். அரை நொடியில் அது பேனலுக்கு ஏறும். வேகமானியின் முள் இரண்டாகத் தெரியும், திசைகாட்டி தன் திரவத்துக்குள் குலுங்கும், ஹெட்செட் காதைவிட்டு நழுவும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் ஒரு சக்கரம் மட்டும் வெடவெடவென்று அடித்துக்கொள்ளுமே, அதேதான். என்ன, இங்கே வண்டிக்குள் நாம் இருக்கிறோம், வேகம் 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.).

காரணம் எளிது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பக்கூடியது. அது தானாக ஆடாமல் இருக்க, எண்ணெய் அடைத்த ஒரு சின்னக் குழலும் பிஸ்டனும் அதைப் பிடித்துக்கொள்கின்றன; அதுதான் டேம்பர். எண்ணெய் கசிந்துபோனால் பிடிக்க ஆளில்லை. யோக்கை (கையில் பிடிக்கும் ஸ்டீரிங்) வயிறுவரை இழுத்து மூக்கின் பாரத்தைக் குறைத்தால் ஆட்டம் நிற்கும். ஆனால் இதை நான் தெரிந்துகொண்டது ஆறாம் மாதத்தில். அதுவரை, நடுங்குவது என் லேண்டிங் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில்தான் எனக்குக் கோபம். கற்றுக்கொள்கிறவனுக்கு இருப்பதே ஒரு அளவுகோல்: இப்போது செய்தது நன்றாக இருந்ததா, இல்லையா. பூப்போல வைத்தாலும் நடுக்கம், பொத்தென்று போட்டாலும் நடுக்கம் என்றால் எதைத் திருத்துவது? குறைப் பதிவேட்டில் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் பக்கத்தில் "கவனிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. கவனித்திருப்பார்கள். பார்வையால். இது விமானத்தின் குறை அல்ல, அதை வைத்துப் பராமரிக்கிறவர்களின் குறை. ஆனால் இருக்கையில் உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை.

சரி, நியாயமாகவும் பேசுவோம். என் லேண்டிங்கும் ஒன்றும் சுத்தமாக இல்லை.

என் முதல் நோய் வேகம். முழு ஃப்ளாப்பில் 55 முதல் 65 நாட் வரை வரலாம் என்கிறது கையேடு. எங்கள் பயிற்றுநர் 60 என்று சொல்லிக்கொடுத்தார். நான் 65-இல் வருவேன். பயத்துக்கு ஒரு ஐந்து. காற்று கொஞ்சம் அடித்தால் அதற்கும் ஒரு ஐந்து, ஆக 70. ஐந்து நாட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் ஆற்றல் ஏறுவது வேகத்தின் வர்க்கத்தில். 60-க்குப் பதில் 65 என்றால் 17 சதவீதம் கூடுதல், 70 என்றால் 36 சதவீதம். அந்த மிச்சத்தை ரன்வேயின் மேலேதான் செலவழித்தாக வேண்டும். தரைக்கு ஓர் இறக்கை நீளத்துக்குள் வந்துவிட்டால், அதாவது இதற்குச் சுமார் 10 மீட்டர், இழுவை வேறு குறைய ஆரம்பித்துவிடும். த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்க மூடியும் விமானம் மிதந்துகொண்டே போகும். ரன்வே எண் போயிற்று, வெளியேறும் முதல் திருப்பம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. பக்கத்தில் பயிற்றுநர் கைகளைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். மிதப்பதில் பொறுமை இழந்து யோக்கை லேசாக முன்னே தள்ளுவேன். கெடுவதெல்லாம் அந்தத் தள்ளலில்தான்.

பயிற்சியின் பதினான்காவது மணி நேரத்தில் ஒரு நாள் அப்படித் தள்ளியதில் முன்சக்கரம் முதலில் பட்டது. மூக்கு மேலே எகிறியது. எகிறியதைப் பார்த்து நான் கீழே தள்ள, அது மறுபடி பட்டு இன்னும் அதிகமாக எகிறியது. என் கை எப்போதும் அரை நொடி பின்தங்கியே வந்தது. அது மேலே போகும்போது நான் தள்ளுகிறேன், கீழே வரும்போது இழுக்கிறேன். மூன்றாவது குதிக்கு முன் வலப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: "விடு." த்ராட்டில் முழுக்க உள்ளே, கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று) அணைப்பு, ஃப்ளாப் 20. மூக்கைக் கீழேயே பிடித்து வேகம் 55-ஐத் தாண்டும் வரை அவர் காத்திருந்தார். பிறகுதான் மேலே ஏறியது, அதுவும் மனசே இல்லாமல். 110 குதிரைகள் என்ன செய்யும், பாவம்.

சர்க்யூட் (ரன்வேயைச் சுற்றி வரும் சுற்று) முழுக்க அவர் எதுவும் பேசவில்லை. டவுன்விண்டில் (ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பகுதி) மட்டும், "எங்கே பார்த்துக்கிட்டு இருந்த?" என்றார். மூக்குக்கு நேர் முன்னால், கீழே ஓடுகிற தாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தால் உயரம் தெரியாது, வேகம்தான் தெரியும். பார்வையை ரன்வேயின் மறுமுனைக்கு அனுப்பிவிட வேண்டும். இரண்டு ஓரக் கோடுகளும் கண்ணின் ஓரத்தில் விரிந்து மேலே எழும்புவதை வைத்து உயரம் தானாகப் புரியும் என்றார். எனக்குத் தானாகப் புரியவில்லை. முப்பது நாற்பது லேண்டிங் ஆயிற்று. அதற்கும் ஒரு அற்பக் காரணம் இருந்தது: மெத்தை. என் இருக்கையில் உயரம் கூட்டிக் குறைக்க வசதி கிடையாது. சில நாள் மெத்தை போட்டு உட்காருவேன், சில நாள் மறந்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் பேனலுக்கு மேலே தெரிகிற தொடுவானம் இரண்டு அங்குலம் மாறினால் கண் எதைப் பழகும்? இப்போது மெத்தையைப் பையோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறேன். ஆரம்பிக்கிறவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிற ஒரே அறிவுரை இதுதான்: தினமும் ஒரே உயரத்தில் உட்காருங்கள். உட்கார்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள், தண்டவாளத்தில் ஊசி சரியாக விழுந்ததா என்று. மேலேறும்போது இருக்கை பின்னால் வழுக்கினால், பிடிமானத்துக்குக் கையில் இருப்பது யோக் மட்டும்தான்.

இனி இந்த விமானத்தில் எனக்குப் பிடித்த விஷயம்.

இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. உள்ளே மவுத் ஆர்கனில் இருப்பது போன்ற ஒரு ரீடு. இறக்கை ஸ்டாலை (தூக்கும் விசையை இழக்கும் நிலை) நெருங்கும்போது அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைந்து, ஓட்டை வழியாக உள்காற்று உறிஞ்சப்பட்டு ரீடு ஊத ஆரம்பிக்கும். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். ஸ்டாலுக்கு 5 முதல் 10 நாட் முன்பே சத்தம் கொடுத்துவிடும். வேலை செய்கிறதா என்று பறப்பதற்கு முன் பார்க்க வேண்டுமென்றால், ஓட்டையின் மேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்ச வேண்டும். இது கேலி இல்லை, கையேட்டிலேயே இருக்கிறது. விமானி ஆகப்போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தி வந்த முதல் நாள், நுனிக்காலில் நின்று இறக்கைக்கு முத்தம் கொடுக்கவைத்தார்கள். உள்ளிருந்து ஈனஸ்வரத்தில் "ப்பீ" என்றது. அன்றே அந்தச் சத்தத்தின்மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

வானத்தில் ஸ்டால் பயிற்சியின்போது அது எச்சரிக்கை. கேட்டதும் வயிறு சுருங்கும், கை தானாக மூக்கைத் தாழ்த்தும். அதே பழக்கத்தில் ரன்வேக்கு மேலே கேட்டாலும் யோக்கை விட்டுக்கொடுத்துவிடுவேன். ஒரு நாள் பயிற்றுநர் சொன்னார்: "இன்னைக்கு நீ இறங்கவே கூடாது. ரன்வேக்கு ஒரு மீட்டர் மேல பிடிச்சு வெச்சுக்கிட்டே இரு. அது இறங்கப் பார்க்கும், நீ விடாத." த்ராட்டிலை மூடிவிட்டு, அது தாழப் பார்க்கும்போதெல்லாம் யோக்கை ஒரு விரல்கனம் இழுத்தேன். இன்னும் ஒரு விரல்கனம். மூக்கு உயர்ந்து ரன்வேயின் மறுமுனையை மறைத்தது. தலைக்கு இடப்புற மேல் மூலையில் ரீடு முனக ஆரம்பித்தது. விடவில்லை. முனகல் அழுகையாகி ஊதலாக முழுசாக எழுந்த நேரத்தில் கீழே எங்கோ ரப்பர் உரசும் சத்தம் கேட்டது. இறங்கிவிட்டோம் என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே அந்த ஊதல் எச்சரிக்கை இல்லை. இறக்கை தன் வேலையை முடித்துக்கொண்டது என்ற தகவல்.

அப்புறம் மூக்கு இறங்கியது, நடுக்கம் வந்தது, வேகமானியின் முள் இரண்டாகத் தெரிந்தது. அதை விடுங்கள்.

பக்கக்காற்றைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. கையேட்டில் 12 நாட் வரை செய்து காட்டியதாக இருக்கிறது. நான் 7-இலேயே வியர்க்கிறேன். இறக்கையைக் காற்றின் பக்கம் தாழ்த்தி, எதிர் ரடரால் மூக்கை நேராக்கி, ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவதை எழுதிவிட ஒரு வரி போதும். செய்வதற்கு இரண்டு கை, இரண்டு கால், ஒரு மறுபிறவி.

தனியாகப் பறந்த நாள் ஒரு வேடிக்கை நடந்தது. வலது இருக்கை காலி. அவர் எடை இல்லாததால் விமானம் சீக்கிரமே தரையை விட்டது, மளமளவென்று ஏறியது. இறங்கும்போது அதே 60 நாட்டில் வந்தேன், ஆனால் வழக்கத்தைவிட நெடுநேரம் மிதந்தது. எடை குறைந்தால் ஸ்டால் வேகமும் குறையும், அதே 60 இப்போது அதிக வேகம். இதை முந்தைய நாளே சொல்லியிருந்தார். தலையாட்டியும் இருந்தேன். மேலே இருக்கும்போது ஞாபகம் வந்தது அந்தக் காலி இருக்கையும், அதன் குறுக்கே கட்டியிருந்த பெல்ட்டும் மட்டும்தான். தள்ளவில்லை. ஊதல் வரும் வரை காத்திருந்தேன். வந்தது.

இப்போது ரிப்பேருக்கு வருகிறேன். டேம்பரைக் கழற்றியபோது நான் ஹேங்கரில் இருந்தேன். மெக்கானிக் அண்ணன் அதைச் சாய்த்துக் காட்டினார். ஒரு சொட்டு எண்ணெய் வரவில்லை. எட்டு மாதமும் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு காலிக்குழல்! இரண்டு முறை "கவனித்தவர்" யார் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். "இனி ஆடாதுல்ல அண்ணே?" என்று மட்டும் கேட்டேன். "டேம்பரால ஆடாது" என்றார். அந்தச் சொல்லை எவ்வளவு அளந்து போட்டிருக்கிறார் என்பது மறுநாள் புரிந்தது.

மறுநாள் முதல் லேண்டிங்கில் முன்சக்கரம் தொட்டது, எதுவும் நடக்கவில்லை. அவ்வளவு அமைதி. டயர் உருளும் சத்தத்தையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எட்டு மாதம் என்னை ஏமாற்றிவிட்டார்களே என்று ஒரு பக்கம் கோபம், நம் லேண்டிங் இவ்வளவு நன்றாகவா இருந்தது என்று ஒரு பக்கம் பெருமை. இரண்டாவது லேண்டிங்கில் 67 நாட், மிதப்பு, பொறுமையின்மை, மூக்கைச் சீக்கிரம் போட்டாயிற்று. வெடவெடவெட. குறைவாகத்தான், ஆனால் அதே நடுக்கம். இந்த முறை பதிவேட்டில் எழுத ஒன்றுமில்லை. சரிசெய்த டேம்பரிடம் பழைய சாக்கு செல்லாது.

ஆக, தீர்ப்பு. இந்த விமானம் நேர்மையானது. கூடுதலாக வந்த ஒவ்வொரு நாட்டையும் திருப்பிக் காட்டும், பொறுமையாக இருந்தால் ஊதிச் சொல்லும், அவசரப்பட்டால் உலுக்கிச் சொல்லும். கால்கள் வளைந்துகொடுக்கும் எஃகுக் குழாய்கள், என்னைப் போல ஆயிரம் பேரைத் தாங்கியவை. லேண்டிங்கை இதைவிடத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கிற ஒன்றை நான் ஓட்டியதில்லை. ஓட்டியதே இது ஒன்றுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நண்பனுக்கு: 172-க்கே போ. இடம் தாராளம், கதவு ஒரே தடவையில் சாத்தும், தோள் இடிக்காது. இதில் வந்து என்னைப் போல எட்டு மாதம் முனகாதே. அப்புறம், சனிக்கிழமை காலை முதல் ஸ்லாட்டில் 152 என்னுடையது. அதை மட்டும் யாரும் கேட்காதீர்கள்.