உப்புக்காற்றில் எந்த முட்டி தாங்கும்?

தொடை மட்டத்தில் கால் எடுத்தவருக்குச் செயற்கைக்காலில் முட்டிதான் தலைவலி. காலைத் தூக்கி வீசும்போது மடங்கணும், எடை ஏறும்போது மடங்கவே கூடாது. எப்போது மடங்குவது என்று முடிவெடுப்பது யார்? தண்டுகளின் அமைப்பா, மின்னணுச் சில்லா, மிச்சமிருக்கும் தசையா? மூன்று வகைகளும் இங்கேதான் பிரிகின்றன.

முதல் வகைக்கு, சென்னை ஐஐடி 2022-இல் வெளியிட்ட ‘கதம்’ நல்ல உதாரணம். நான்கு தண்டுகள் கோர்த்த முட்டி, 160 டிகிரி வரை மடங்கும். பாம்பன் பேருந்தின் நெருக்கமான இருக்கையில் உட்கார இது பெரிய வசதி. பேட்டரி கிடையாது. பொதுவாக இந்த வகை முட்டிகளை ஒரே நடைவேகத்துக்குத்தான் செட் செய்ய முடியும். வேகம் கூட்டினால் கீழ்க்கால் பின்தங்கி வரும். முன்பாதத்தில் எடை ஏறினால்தான் பூட்டு விடும் மாடல்கள் தனுஷ்கோடி மணலில் தடுமாறும். விரல்பக்கம் புதைந்துபோவதால் முட்டி மடங்கத் தாமதமாகும், நுனி தட்டும்.

1997-இல் ஜெர்மன் நிறுவனமான ஆட்டோபாக் கொண்டுவந்த சி-லெக் இரண்டாம் வகை. முட்டிக் கோணத்தையும் எடையையும் சென்சார்கள் அளக்க, சில்லு ஹைட்ராலிக் வால்வை இறுக்கித் தளர்த்தும். சரிவில் இறங்கும்போதும் கால் இடறும்போதும் இதற்கு ஈடில்லை. ஆனால் மோட்டார் இல்லாததால் ஏறும்போது தள்ளிவிடாது. சார்ஜ் தீர்ந்தால் முட்டி விறைத்துக்கொள்ளும். விலை பல லட்சம். சி-லெக் 4 மழைக்கும் நல்ல தண்ணீருக்கும் தாங்கும், கடல்நீருக்கு இல்லை. அதே நிறுவனத்தின் ஜீனியம் எக்ஸ்3 கடலிலும் இறங்கலாம்; கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசணும். குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் பலர் போர் தண்ணீரில் அலசுவார்கள். அதுவே உப்பாக இருந்தால் அலசியதாகவே கணக்கில்லை.

மூன்றாவது, அமெரிக்காவின் எம்ஐடியில் ஹியூ ஹெர் குழுவின் வழி. கால் எடுக்கும்போதே எதிரெதிர்த் தசைகளை இணைத்துத் தைக்கிறார்கள். ஒன்று சுருங்கினால் மற்றது நீளும், மூளைக்குக் காலின் நிலை தெரியும். தோலில் ஒட்டிய மின்முனைகள் தசை சமிக்ஞையைப் படித்து மோட்டார் கணுக்காலை இயக்கும். 2024-இல் வந்த ஆய்வு தொடை மட்டத்துக்கானது இல்லை; அதில், முட்டிக்குக் கீழ் கால் இழந்த 7 பேருக்கு, பழைய முறை அறுவை செய்த 7 பேரைவிட உச்ச நடைவேகம் 41 சதவீதம் கூடியது. பிரமாதம்தான், ஆனால் வியர்வையில் மின்முனை நழுவினால் சமிக்ஞை குழம்பும். சித்திரை வெயிலில், மிச்சக் காலை நுழைக்கும் சாக்கெட்டுக்குள் வியர்வைக்கா பஞ்சம்?

வல்லத்தில் கடலுக்குப் போகிறவருக்கு, பேட்டரி இல்லாத முதல் வகையே இப்போதைக்குச் சரி. கீழக்கரையில் கடை வைத்து, தார்ரோட்டில் நடக்கிறவர் பணமிருந்தால் இரண்டாவதைப் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும், பெரும்பாலும் நடக்கப்போவது வெறுங்காலிலா செருப்பிலா என்று பொருத்துபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறுங்காலுக்கு அலைன்மென்ட் செய்ததில் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டால் கீழ்க்கால் முன்னே சாயும், முட்டி மடிந்து ஆளைக் கீழே தள்ளும்.