மேடை விளக்கு: ஹாலஜனா, எல்.இ.டி.யா?

சின்ன அரங்கு நடத்துபவர்கள் கரன்ட் பில்லைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி இது.

மின்சாரம்: மேடையில் வழக்கமாகத் தொங்கும் ‘பார் 64’ (PAR 64) வகை பழைய ஹாலஜன் விளக்கு பெரும்பாலும் 1,000 வாட். அந்த இடத்துக்கு எல்.இ.டி. பார் சுமார் 200 வாட். பத்து விளக்கு மூன்று மணி நேரம் எரிந்தால் ஹாலஜனுக்கு 30 யூனிட், எல்.இ.டி.க்கு 6. ஹாலஜன் கக்கும் சூட்டுக்கு ஏசி ஓடுவது தனிக் கணக்கு.

ஆயுள்: ஹாலஜன் பல்பு சில நூறு மணி நேரம், எல்.இ.டி. பல்லாயிரம். ஆனால் பல்பை ஏணி போட்டு நாமே மாற்றலாம்; எல்.இ.டி.யில் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் போர்டு போனால் கடைக்குத்தான்.

நிறம்: ஹாலஜன் முன் செருகும் வண்ண ஜெலட்டின் தாள் நடுவில் வெளுத்துப் பொசுங்கும். எல்.இ.டி.க்குத் தாளே வேண்டாம். சரி, முகம்? சிவப்பு, பச்சை, நீலம் கலந்து நிறம் தரும் மலிவான ஆர்.ஜி.பி. எல்.இ.டி. விளக்கில் பரதம் ஆடுபவரின் அரக்குப் பட்டு ஒரு மாதிரி, முகப்பூச்சு வேறு மாதிரி. மெல்ல மங்கவேண்டிய ஒளி கடைசியில் வெடுக்கென்று அணையும்.

விலை: புதிதாக வாங்க எல்.இ.டி.தான் அதிகம்.

வாரம் நாலு நிகழ்ச்சி என்றால் யோசிக்காமல் எல்.இ.டி.; முகத்துக்கு மட்டும் நிறம் பிசகாத வெண் விளக்காகப் பார்த்து வாங்குங்கள். மாதம் ஒன்று என்றால் இருக்கும் ஹாலஜன் ஓடட்டும், பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றலாம்.