பத்து வெடைக்கோழியும் ஒரு கூண்டும்: வாங்கலாமா?

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருக்கும் சிலர் இப்போது 'வீட்டுக்கோழி செட்' என்று ஒன்று விற்கிறார்கள். பத்து வெடைக்கோழி (இன்னும் முட்டை வைக்காத இளம் பெட்டை), ஒரு இரும்புக் கூண்டு, ஒரு மூட்டைத் தீவனம், டிரிங்கர், ஃபீடர் எல்லாவற்றையும் வண்டியில் கொண்டுவந்து வீட்டிலேயே இறக்கிவிடுவார்கள். புரட்டாசியில் வியாபாரம் மந்தம் என்பதால் விலையைக் கொஞ்சம் குறைத்தார்கள். எனக்கு 12,500 ரூபாய் ஆனது. குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பண்ணையின் பெயர் வேண்டாம். கோழியை மட்டும் கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்பேன். கூண்டைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் நேரம் ஆகும்.

"முட்டை ஊருல இருந்துக்கிட்டு முட்டைக்குக் கோழி வளக்கறயா கண்ணு?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். லாரி லாரியாகக் கேரளாவுக்கு முட்டை போகிற ஊர் இது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் முருங்கையும் கறிவேப்பிலையுமாகச் சும்மா கிடக்கிறது. மீந்த சோறும் கீரைத்தண்டும் தினமும் குப்பைக்குத்தான் போகிறது. கோழி வளர்த்த பழக்கம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கிடையாது.

நாங்கள் எடுத்தது கிராமப்பிரியா. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே உருவாக்கிய ரகம். நாட்டுக்கோழி மாதிரியே கிளறி மேயும், பழுப்பு முட்டை இடும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கு 200 முட்டையை ஒட்டி வரும். சுத்த நாட்டுக்கோழி 60, 80 இட்டாலே பெரிது. அதுவும் பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க வைக்கும் ஆசை இருந்தால் நாட்டுக்கோழியையே எடுங்கள். கிராமப்பிரியா அடைக்கு உட்காருவது அபூர்வம்.

இந்த செட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது கோழிகளின் வயது. பத்து வாரம். ஒரு நாள் குஞ்சு மலிவுதான், ஆனால் முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு கேட்கும். பல்பு போட்டு, கரன்ட் போனால் எழுந்து பார்த்து, காக்காயிடமிருந்து காப்பாற்றி வளர்க்க வேண்டும். முதல்முறை வளர்ப்பவருக்கு அந்தப் பாடு தேவையில்லை. அதைவிட முக்கியம் தடுப்பூசி. ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, நாலாம் வாரம் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி, அம்மைக்குத் தனியாக ஒன்று என்று தேதி போட்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். கீழாநெல்லியும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தால் போதும் என்று தெருவில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். வந்த பிறகு மருந்தில்லை, ஒன்றுக்கு வந்தால் மொத்தமும் போய்விடும். அந்தச் சீட்டு இல்லாமல் யார் கொடுத்தாலும் கோழி வாங்காதீர்கள். அடுத்த ஊசிகளை அரசு கால்நடை மருந்தகத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.

வண்டி வேண்டுமென்றே பொழுது சாயும் நேரத்துக்கு வந்தது. இறக்கிய தம்பி சின்னப் பையன், ஆனால் வேலை தெரிந்தவன். ஒவ்வொரு கோழியையும் இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்துப் பிடித்து, மூக்கில் சளி இல்லை, பின்பக்கம் எச்சம் ஒட்டவில்லை என்று திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கூண்டுக்குள் விட்டான். "நாலஞ்சு நாளைக்குத் திறந்து விடாதீங்கக்கா, இதுதான் வீடுன்னு பழகட்டும்" என்றான். அப்படியே செய்தோம். திறந்துவிட்ட முதல் நாளே, இருட்டுவதற்கு முன்னால் எல்லாம் தானாக வந்து அடைந்துவிட்டன. துரத்திப் பிடிக்கிற வேலையே இருக்கவில்லை.

'பத்தும் பெட்டை, கியாரண்டி' என்று சொல்லிக் கொடுத்ததில் ஒன்று ஐப்பசி முடிவதற்குள் கூவிவிட்டது. அதற்கு முன்பே சந்தேகம்தான். மற்றவற்றுக்கு முதுகு முடிகிற இடத்தில் இறகு உருண்டையாக இருக்க, இதற்கு மட்டும் கூராகத் தொங்கியது. கொண்டையும் சீக்கிரமே சிவந்துவிட்டது. வீடியோ எடுத்து அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் 350 ரூபாயை ஜிபேயில் திருப்பிப் போட்டார்கள். மாற்றுக் கோழி தருவதாகவும் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றேன். நன்றாக இருக்கும் கூட்டத்துக்குள் வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் நோயும் கூடவே வரலாம். சேவல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கன் ஆனது. வீட்டுக்காரருக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

தீவனத்தில் ஒரு கோளாறு, இதைக் கவனித்து வாங்குங்கள். வந்த மூட்டையில் 'லேயர்' என்று அச்சடித்திருந்தது. அது முட்டையிடும் கோழிக்கானது, ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து அதிகம் போட்டிருப்பார்கள். முட்டை வைக்காத வெடைக்கு அதைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும். இந்த வயதுக்கு, வளரும் கோழிக்கான குரோயர் தீவனம்தான். போன் செய்தால், "அதுவும் இதுவும் ஒண்ணுதான்கா" என்று பதில். ஒன்றில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். பண்ணை நடத்துபவருக்கு இது தெரியாமல் இருக்காது, கையில் இருந்த மூட்டையைத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் கூண்டு. நாலடிக்கு மூணடி. வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவர் முன்னால் இந்தக் கூண்டை இறக்கியிருக்கவே கூடாது. சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார், மூலையைப் பிடித்து ஆட்டினார். "இது வெல்டிங் இல்ல, சும்மா பொட்டு வெச்சிருக்கான்" என்றார். பெயின்ட் அடிக்கும் முன் துருவைத் தேய்த்துக்கூட எடுக்கவில்லை, நகத்தால் சுரண்டினால் பெயின்ட் ஏடாக வந்தது.

அது அழகுப் பிரச்சினை என்றே வைத்துக்கொள்வோம். நிஜப் பிரச்சினை வலை. மூன்று பக்கமும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை. கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். நாய் உள்ளே வராமல் இருக்கப் போதாது, ஒரு தெருநாய் நினைத்தால் பல்லாலேயே கிழித்துவிடும். கதவுக்கு அடியில் இரண்டு விரல்கடை இடைவெளி வேறு. எங்கள் பக்கம் கீரி உண்டு, இரவில் மரநாயும் ஓட்டு மேல் நடமாடும். கொக்கியும் சும்மா மாட்டுகிற கம்பிதான், தட்டினால் கழன்றுகொள்ளும்.

உள்ளே அடைவதற்கு வைத்திருந்தது வழவழப்பான இரும்புக் குழாய். கோழிகள் அதில் ஏறி வழுக்கி வழுக்கி இறங்கி, கடைசியில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு தரையில் படுத்தன. அதைக் கழற்றிவிட்டு, இரண்டு அங்குல அகல மரச்சட்டத்தின் விளிம்பை இழைத்துப் பொருத்தினோம். அன்று ராத்திரியே வரிசையாக ஏறி உட்கார்ந்துவிட்டன.

கூரைத் தகரம் கூண்டின் அளவுக்கே வெட்டியிருக்கிறது, வெளியே ஒரு சாண்கூட நீட்டவில்லை. ஐப்பசி மழை சாய்ந்து அடித்ததில் கீழே போட்டிருந்த கடலைத்தோல் முழுக்க நனைந்து நாறியது. நனைந்த கூளத்தில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும், அதனால் அவ்வளவையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து அரை அங்குல வெல்டு மெஷ் (கெட்டிக் கம்பிவலை), இரட்டைத் தாழ்ப்பாள், முன்னும் பின்னும் ஓரடி நீளத் தகரம் எல்லாம் வைத்துக் கட்டினார். பொருளுக்கு மட்டும் 2,800 ரூபாய். கூலி கொடுத்துச் செய்திருந்தால் புதுக் கூண்டே வந்திருக்கும்.

பத்துக் கோழிக்கு இந்த அளவு போதும் என்கிறார்கள். ராத்திரி அடைக்க மட்டும் என்றால் சரி. நாள் முழுக்க உள்ளேயே வைக்கிறவர்களுக்கு ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும், இதில் ஆறுதான் நிற்கும். முட்டைப் பெட்டியைப் பற்றி நல்லதாகச் சொல்லலாம்: இரண்டு அறை, இருட்டாக, வெளியிலிருந்து திறந்து எடுக்கிற மாதிரி நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

தை பிறந்து சில நாளில் முதல் முட்டை வந்தது. அதற்கு முன்பே கொண்டை சிவந்து, பக்கத்தில் போனால் இறக்கையை விரித்துக் குந்த ஆரம்பித்திருந்தன. முதல் முட்டை புறா முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, ஓட்டில் ஒரு கீற்று ரத்தம். அடுத்தது ஓடே இல்லாத தோல்முட்டை. பயந்துவிடாதீர்கள், புதிதாக வைக்கத் தொடங்கும் கோழிக்கு இது சகஜம். லேயர் தீவனத்துக்கு மாற்றி, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். சில நாளில் சரியாகிவிட்டது. சேவல் இல்லாமல் எப்படி முட்டை வைக்கும் என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் முதல் அரை டஜன் போனது.

அதே பண்ணையில் கூண்டு இல்லாமல் கோழி மட்டும் கேட்டாலும் தருகிறார்கள், ஒன்று 350 ரூபாய். செட் விலையைத்தான் முதலில் சொல்வார்கள், நீங்களாகக் கேட்டால்தான் இந்தக் கணக்கு வெளியே வரும். பத்து எடுத்தால் டவுனுக்குள் வண்டி வாடகை இல்லை. கூண்டை உங்கள் ஊர் பட்டறையிலேயே வெல்டு மெஷ் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், கோழி வருவதற்கு ஒரு வாரம் முன்பாகவே. பெயின்ட் வாடை போக அவ்வளவு நாள் பிடிக்கும்.