முதியோர் இல்லத்துக்குத் துணையாகப் போய்வரும் திட்டம்: ஒன்றரை வருட அனுபவம்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை பின்னேரம் போய் வருகிறேன். அவுஸ்திரேலிய அரசின் காசில் நடக்கும் ஏஜ்ட் கெயார் வொலன்ரியர் விசிற்றர்ஸ் ஸ்கீம் இது; தனிமையில் இருக்கும் முதியோரை என்னைப் போன்ற தொண்டர்கள் போய்ப் பார்த்துக் கதைத்துவிட்டு வரும் திட்டம். முன்பு கொமியூனிற்றி விசிற்றர்ஸ் ஸ்கீம் என்று இருந்தது. முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணைக்குழு 2021 இல் இறுதி அறிக்கை தந்த பிறகு, 2023 ஜூலையில் புதுப் பெயரோடு பெரிதாக்கினார்கள். முதியவருக்கு ஒரு சதமும் செலவில்லை. நாங்கள் வருடத்துக்கு 20 தடவையாவது போக வேண்டும்.

நான் பார்க்கப் போகும் அன்ரிக்கு 86 வயது, ஊர் யாழ்ப்பாணப் பக்கம், மறதி நோய். இங்கே வந்து பல வருடம் ஆங்கிலத்தில் வேலை செய்தவர். இப்போது அந்த ஆங்கிலம் மெல்ல மெல்லக் கழன்று, தமிழ் மட்டும் நிற்கிறது. "அவர் பேசுவதே இல்லை" என்று தாதியர் முதலே சொல்லியிருந்தார்கள். நான் போய் "அன்ரி, எப்பிடி இருக்கிறீங்கள்?" என்றேன். "வா பிள்ளை, இரு. சாப்பிட்டனியோ?" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் கிணற்றடி, துலா, ஒடியற்கூழ் என்று ஒரே கதைதான்.

உடுப்பு மாற்றுவது, தூக்குவது, மருந்து கொடுப்பது, காசு விஷயம் எதுவும் எங்கள் வேலை இல்லை என்று பயிற்சியில் சொன்னார்கள். அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகுதான் கவனித்தேன்: அந்த அறைக்குள் வருகிற மற்ற எல்லோரும் மாத்திரை, குளிப்பு, சாப்பாடு என்று ஏதோ வேலையாகத்தான் வருகிறார்கள். சும்மா இருந்து கதைக்க வருகிற ஆள் நான் ஒருத்திதான்.

ஒருநாள் கடலை வடை சுட்டுக்கொண்டு போனேன். விழுங்கக் கஷ்டம், மசித்த சாப்பாடு மட்டும்தான் என்று தாதி தடுத்தார். கேட்காமல் கொண்டுபோனது என் பிழை. அன்ரி வடையை மணந்து பார்த்துவிட்டு, "பெருஞ்சீரகம் போட்டனியோ?" என்றார். அன்று முழுக்க அவருடைய அம்மாவின் அடுப்படியில்தான் இருந்தோம்.

குறை உண்டு. பொலிஸ் சான்றிதழ், பயிற்சி எல்லாம் முடித்தும், எங்கள் பகுதியில் இதை நடத்தும் அமைப்பு என்னை மூன்று மாதம் காக்க வைத்தது. தமிழ் தெரிந்தவள் என்று படிவத்தில் எழுதியும், வீட்டுக்குக் கிட்ட என்று முதலில் ஓர் ஆங்கிலேயரிடம் அனுப்பப் பார்த்தார்கள். அதே நேரத்தில் அன்ரி பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

சேர விரும்புகிறவர்கள் படிவத்தில் மொழி கேட்கும் இடத்தில் தமிழ் என்று எழுதுவதோடு விட்டுவிடாதீர்கள். நேர்காணலில் வாயாலும் சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் திரும்பவும் சொல்லுங்கள்.