நெப்ராஸ்காவின் இரு பெருமைகள்: ஹைஸ்மனும் அவுட்லேண்டும்

கையால் பந்தை ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலின் கல்லூரிப் போட்டிகளில் 1935 முதல் வழங்கப்படும் ஹைஸ்மன் விருது, ஆண்டின் தலைசிறந்த வீரருக்கு உரியது என்று சொல்லப்பட்டாலும், பெரும்பாலும் பந்தை ஏந்தி ஓடுவோருக்கும் எறிவோருக்குமே போய்ச் சேர்கிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு அதை ஜானி ராஜர்ஸ் (1972), மைக் ரோசியர் (1983), எரிக் கிரவுச் (2001) ஆகிய மூவர் பெற்றுத் தந்தனர். 1946இல் தொடங்கிய அவுட்லேண்ட் விருதோ, இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் மோதல் வரிசையின் உட்பகுதியில் நின்று எதிரணியைத் தள்ளியும் தடுத்தும் உழைப்பவர்களுக்கானது. இதனை நெப்ராஸ்கா வீரர்கள் 8 பேர் 9 முறை வென்றுள்ளனர். 1981, 1982 என அடுத்தடுத்து இருமுறை பெற்ற டேவ் ரிமிங்டனின் சாதனையை வேறெவரும் எட்டவில்லை. ஹைஸ்மனின் புகழ் பெரிதுதான். ஆயினும் இப்பல்கலைக்கழகத்தின் ஆட்டமுறையை அறிய விரும்புவோர் அவுட்லேண்ட் பட்டியலையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்: 1983இல் ரோசியர் ஹைஸ்மனை வென்றபோது, அவர் ஓட வழி திறந்துவிட்ட டீன் ஸ்டைன்குலருக்கே அவ்வாண்டின் அவுட்லேண்ட் கிடைத்தது.